ஆறு மணிக்கு அழிக்கப்போற பாட்டு

தம்பி: இயர்போன்ல ஒண்ணை நீ மாட்டிக்க, இன்னொண்ணு எனக்கு. ம்... கேக்குதா?

அக்கா: தள்ளி உக்காருடா. இன்னைக்கும் நேத்துச் சட்டைதானா? உவ்வே...

தம்பி: பேச்சை மாத்தாத. பாட்டைக் கேளு.

அக்கா: என்னடா இது, மூச்சு விடாம திட்டுறான்?

தம்பி: ராப் பாட்டுக்கா. திட்டல, உள்ளதைச் சொல்றான்.

அக்கா: நாள் முழுக்க போன்ல கஸ்டமருங்ககிட்ட வாங்குற திட்டு பத்தாதா எனக்கு? எடு இதை.

தம்பி: இரு இரு, இந்த வரி... "கழுத்துல தொங்குற அட்டையில, முகம் என்னுது, பேரு அவங்களுது." உனக்கும் ஆபீஸ்ல வேற பேருதானே?

அக்கா: கஸ்டமருங்க வாயில நுழையிற பேரா இருக்கணுமாம். அதுக்கென்ன இப்போ?

தம்பி: இன்னைக்கு ஆறு மணிக்கு எல்லாப் பாட்டையும் அழிக்கப்போறானாம். அவன் சேனல்ல எழுதிப் போட்டிருக்கான்.

அக்கா: அழிக்கட்டுமே. நாலு பேரு கேக்குறதுக்கு எதுக்கு இவ்வளவு...

தம்பி: அந்த நாலு பேருல நான் ஒருத்தன்.

அக்கா: நீயா?

தம்பி: படிச்சது ஒண்ணு, பார்க்கிறது லிஃப்டுக்கு கிரீஸ் போடுற வேலைன்னு... போன வருஷம் வாயே திறக்காம கிடந்தேனே.

அக்கா: சோறுகூட ஒழுங்கா சாப்பிடல.

தம்பி: அப்போதான் ஒரு நாள், லிஃப்டுக் கூண்டு மேல உக்காந்து இதைக் கேட்டேன். "பட்டம் பரண்மேல, நான் பஸ் படிமேல..." எனக்குன்னே எழுதின மாதிரி! அழுதுட்டேன்கா. அப்புறம்... ரொம்ப நாள் கழிச்சு நல்லாப் பசிச்சுது.

அக்கா: ...இதைச் சொல்லவே இல்லையேடா.

தம்பி: இப்போ சொல்றேன். ரொம்ப நன்றின்னு.

அக்கா: அதை அவனுக்கு எழுதிப் போடு. என்கிட்ட எதுக்கு...

தம்பி: உன்கிட்டதான்கா சொல்றேன்.

அக்கா: ...குரலை மாத்தித்தானேடா போட்டேன்!

தம்பி: உன் குரலை மாத்தினே. என் குரலை? மூணாவது பாட்டுல ஒருத்தன் கதவைத் தட்டி, "அக்கா, என் சட்டை எங்க?"ங்கிறான்.

அக்கா: ஐயோ! எதிரொலிக்காம இருக்கணும்னு துணி அலமாரிக்குள்ள உக்காந்துதான் பாடுவேன்... வெட்டத்தான் பார்த்தேன். தாளத்துல கச்சிதமா விழுந்திருந்துச்சா, மனசே வரல.

தம்பி: மணி அஞ்சு அம்பத்தஞ்சு.

அக்கா: அழிக்கல, போ. ஆமா... அதுக்கப்புறம் நீ ஒரு நாளும் சட்டை கேட்டுக் கதவைத் தட்டலியே?

தம்பி: காலையில நீ அலமாரிக்குள்ள பாடிட்டிருந்தா, நான் எப்படிக்கா வேற சட்டை எடுக்குறது? எட்டு மாசமா நேத்துச் சட்டைதான்!