சின்ன ஸ்கிரீனே போதும்

– பாப்பா, அந்தப் பெரிய லேப்டாப்ப எடு. எழுத்து பளிச்சுன்னு இருக்கு.

– வேணாம்ப்பா. சின்னதே போதும்.

– காசப் பாக்குறியா? இந்த வருசம் முந்திரி ஒன்னும் மோசமில்ல. இலக்கியா, அப்பன் சொல்றதக் கேளு.

– காசுக்காக இல்லப்பா.

– ஐயா, சுருக்கமாச் சொல்றேன். பி.காம். படிக்கிற பிள்ளைக்கு டைப் அடிக்கணும், கணக்குப் போடணும், ஆன்லைன் கிளாஸ் பாக்கணும். எட்டு ஜிபி ரேம் தாராளம். ரெண்டுமே ஆபீஸ்ல ஓடுன செகண்ட்ஸ்தான், ஆனா பேட்டரி நான் புதுசு போட்டுருக்கேன். ஒரு வருசத்துக்கு நான் பொறுப்பு. பெருசுக்கும் சின்னதுக்கும் வெல ஒன்னுதான்.

– சுருக்கமே இம்புட்டு நீளமா தம்பி? நாங்க பொழுதோட கந்தர்வக்கோட்டை பஸ் ஏறணும். ஆக வேண்டியதப் பாருங்க.

– வண்டியில வரலயாய்யா?

– அத வித்தாச்சு. பெட்ரோல் விக்கிற வெலைக்கு எவன் ஓட்டுறது? இந்தா, போன் அடிக்குது. வெளிய நின்னு பேசிட்டு வாரேன்.

– ஐயா, பாத்து! அட்டைப் பெட்டி!

– நட்ட நடுவுல வச்சா இடிக்கத்தான செய்யும்.

– அடி பட்டுருச்சாப்பா?

– ஒன்னுமில்ல. நீ ஆக வேண்டியதப் பாரு.

– அண்ணே, அப்பா வாரதுக்குள்ள ஒன்னு கேக்கணும். ஸ்கிரீனப் பாக்காமயே இத ஓட்ட முடியுமா?

– பாக்காமயா? எதுக்கும்மா?

– எனக்குக் கண்ணு கொறஞ்சுக்கிட்டே வருதுண்ணே. பகல்ல நடுவுல உள்ளது தெரியும், ஓரமெல்லாம் மங்கிருச்சு. இருட்டிட்டா சுத்தமா இல்ல. பெரிய ஸ்கிரீன்ல பாதிதான் எனக்குத் தெரியுது. அதான் சின்னது கேட்டேன்.

– அடப் பாவமே. டாக்டர்ட்ட காட்டுனியாம்மா?

– எங்க டீச்சர் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இதுக்கு மருந்து இல்லையாம். மெல்ல மெல்லப் போயிருமாம். இது குடும்பத்துல வாரது, வீட்டுல வேற யாருக்காச்சும் இருக்கான்னு கேட்டாங்க. யாருக்கும் இல்லன்னு சொன்னேன்.

– அப்பாவுக்குத் தெரியாதா?

– தெரிஞ்சா ஹாஸ்டலுக்கு அனுப்புவாரா? அம்மா போனதுலேருந்து ஒத்த ஆளா வளத்தவரு. வீட்டோட இரு, நான் பாத்துக்கறேன்னு சொல்லிருவாரு. கண்ணு இருக்கயில ஒரு டிகிரி வாங்கிட்டா, அப்பறம் அது போனாலும் ஒரு வேலைய வச்சுப் பொழச்சுக்குவேன்லண்ணே.

– அழாதம்மா. சுருக்கமாச் சொல்றேன். ஸ்கிரீன்ல இருக்குறதப் படிச்சுக் காட்டுற சாப்ட்வேர் இருக்கு, காசே இல்ல. தமிழும் படிக்கும், இங்கிலீசும் படிக்கும். இந்தா, எப், ஜே ரெண்டு பட்டனையும் தடவிப் பாரு. சின்னதா ஒரு மேடு இருக்கா?

– இருக்குண்ணே.

– அதுல வெரல வச்சுட்டா மத்த எழுத்தெல்லாம் கைக்குத் தானாப் பழகிரும். கண்ணே தெரியாதவங்க இதுல வேலை பாக்குறாங்கம்மா.

– அப்பாட்ட சொல்லிராதீங்கண்ணே. ஒங்க கால்ல வேணா விழுறேன்.

– சீச்சி, என்ன பேச்சு இது! சொல்ல மாட்டேன்.

– என்ன, முடிவாயிருச்சா ரெண்டு பேருக்கும்?

– வாங்கய்யா. பாப்பா சின்னதத்தான் கேக்குது.

– சரி, அதையே குடுங்க. பெருசுன்னா தலைய அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பித் திருப்பில்ல பாக்கணும்.

– ஒரு சாப்ட்வேர் ஏத்தித் தாரேன்யா. கால் மணி நேரம் ஆகும். பாடத்தையெல்லாம் அதுவே வாய் விட்டுப் படிக்கும்.

– அட! நியூஸ் பேப்பரும் படிக்குமா?

– அதுக்குத்தான் நான் இருக்கேன்லப்பா. தெனமும் நாந்தான படிச்சுக் காட்டுறேன்.

– நீ ஹாஸ்டலுக்குப் போயிட்டா?

– கண்ணாடி மாட்டிப் படிங்க. அதுக்கும் சோம்பல் ஒங்களுக்கு.

– ஆமாமா. சோம்பல்தான்.

– நெட்டு ரொம்ப ஸ்லோவா இருக்குய்யா. கொஞ்சம் உக்காருங்க.

– தம்பி, கால் மணின்னீங்க, ரோட்டுல லைட்டே போட்டுட்டாங்க. எம்மக வேற கூட இருக்கு. சீக்கிரம் முடிங்க.

– முடிஞ்சுச்சுய்யா. இந்தாங்க பையி, சார்ஜரு. பில்ல ஒருக்காப் பாத்துக்கங்க.

– நீங்க போட்டாச் சரியாத்தான் இருக்கும். பாப்பா, அத வாங்கி உள்ள வையி.

– மாடிப் படியில பல்பு பியூஸ் போயிருக்கு. பாத்து எறங்குங்க. நல்லாப் படிம்மா.

– வாரேண்ணே.

– வா பாப்பா. ஏன் நின்னுட்ட?

– நீங்க முன்னாடி எறங்குங்கப்பா. நான் ஒங்க தோளப் புடிச்சுக்கிட்டு வாரேன். செருப்பு வழுக்குது.

– செருப்பா வழுக்குது?

– ஆமாப்பா. புதுசுல்ல.

– கண்ணு தெரியலன்னு சொல்லு பாப்பா.

– அப்பா... அந்த அண்ணன் சொல்லிட்டாரா?

– அவரு எதுக்குச் சொல்லணும்? பொழுது சாஞ்சா செவுத்தத் தொட்டுக்கிட்டே நடக்குற. தண்ணிச் செம்பு பக்கத்துல இருந்தாலும் கையால தேடுற. எனக்குத் தெரியாதா அது?

– தெரிஞ்சுமாப்பா இத வாங்கிக் குடுத்தீங்க?

– ஒன்னய அனுப்பவும் மனசில்ல, நிறுத்தவும் மனசில்ல. நாலு நாளாச் சோறு எறங்கல எனக்கு. ஆனா நீ படிக்கணும். எங்கூட அந்த வீட்டுல முடங்கிறக் கூடாது.

– அப்பா, என்னய மன்னிச்சிருங்கப்பா. ஒங்ககிட்ட மறைச்சுட்டேன்.

– அழாத தாயி. யாரு மறைக்கல? அழாத.

– செல்லு லைட்டப் போட்டுருக்கேன்ப்பா, எனக்குப் பத்தல. நீங்க மெல்ல எறங்குங்க, நான் பின்னாடியே வாரேன்.

– செத்த பொறு பாப்பா. அந்தக் கடைக்காரத் தம்பியக் கூப்புடு. மொதப் படி எங்கிட்டு இருக்குன்னு எனக்குந் தெரியல.