ராஜாவுக்காக ஒரு வரி

ஓடு உடைகிறது. பீடத்துக்குப் பின்னால் குந்தியிருக்கிறேன். தலைக்கு மேல் ஜெபப் புத்தகம். தடித்த அட்டை. வேதமே கேடயம் என்று குருவானவர் பலமுறை பிரசங்கித்திருக்கிறார். இந்த அர்த்தத்தில் சொல்லியிருக்க மாட்டார்.

1952. ஆனி மாதம். ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது இருபது.

வெளியே சாரல். சாரல் ஓட்டில் விழுந்தால் சலசலப்பு மட்டும்தான். கல் விழுந்தால் மூன்று சத்தம். முதலில் ‘டக்’. பிறகு உருளும். பிறகு சில்லு தரையில் சிதறும். மூன்றாவது சத்தம் காதில் விழுந்தால் இந்தக் கல்லுக்குத் தப்பினோம் என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் இதைக் கற்றுக்கொண்டேன். நான் வாத்தியார். இவ்வளவு சீக்கிரம் எதையும் யாருக்கும் கற்பித்ததில்லை.

“ஏலே, கதவ விட்டுராதலே! தாழ்ப்பாளப் பிடிச்சுக்கோ!”

இது சுபேதார். யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர். உள்ளே இருக்கிற கட்சிக்குத் தலைவர். வெளியே இருக்கிற கட்சிக்குத் தலைவன் தேவசகாயம். என் மனைவி ரத்தினத்தின் தம்பி.

எங்கள் கோவில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருக்கிறது. ஐம்பது குடும்பம்கூட இல்லை. ஆனாலும் கட்சி இரண்டு. சபையை ஆள்வது யார் என்பதுதான் சண்டை. அத்தியட்சர், அதாவது பிஷப், தலையில் கைவைத்து அனுப்புகிற குருவானவர்தான் ஆள வேண்டும் என்றார் சுபேதார். நாமே ஓட்டுப் போட்டுப் பஞ்சாயத்தை வைத்துக்கொள்வோம் என்றான் தேவசகாயம். இது போதாதென்று ராஜா வேறு. பழைய ஜெபப் புத்தகத்தில் இங்கிலாந்து ராஜாவுக்காக ஜெபம் இருந்தது. குடியரசாகி இரண்டு வருடம் கழிந்தும் எங்கள் கோவிலில் அவர் ஆண்டுகொண்டிருந்தார். புத்தகத்தில் ஓர் எழுத்தையும் தொடக்கூடாது என்றார் சுபேதார். அவர் ராஜாவின் உப்பைத் தின்றவர். வெள்ளைக்காரனுக்கு முழங்கால் போட மாட்டோம் என்றான் தேவசகாயம். அவன் எங்கள் வீட்டு உப்பைத் தின்றவன்.

அந்த வாரம் குருவானவருக்குக் காய்ச்சல். ஆராதனையை நடத்தும்படி எனக்குச் சீட்டு அனுப்பினார். வெள்ளிக்கிழமை சுபேதார் வந்தார். ராஜ ஜெபத்தை வாசிப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை தேவசகாயம் வந்தான். வாசிக்க மாட்டேன் என்று அவனுக்கும் வாக்குக் கொடுத்தேன். எனக்கு எல்லோரையும் பிடிக்கும். பயந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

உபாயம் ஒன்றும் வைத்திருந்தேன். அந்த ஜெபம் வருகிற இடத்தில், “மௌனமாக ஜெபிப்போம்” என்பேன். வேண்டியவர்கள் வேண்டியவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை ராத்திரி முழுக்க இதை நினைத்து என்னையே மெச்சிக்கொண்டேன்.

மறந்தது ஒன்று. அந்த ஜெபத்துக்கு இரண்டு பக்கம் முன்னால் ராஜா ஒரு தடவை வந்துபோவார். ஒரே வரி. நடத்துகிறவர் சொல்ல வேண்டும், சபை பதில் சொல்ல வேண்டும். முப்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன வரி. யாரும் புத்தகம் பார்ப்பதில்லை.

ஒன்பது ஐந்து. எல்லோரும் முழங்காலில். என் வாய் தன்பாட்டில் போகிறது.

“கர்த்தாவே, எங்கள் ராஜாவைக் காத்தருளும்.”

கோவில் முழுக்கப் பதில் சொன்னது. இரண்டு கட்சியும். அதில் எல்லோருக்கும் மேலே கணீரென்று கேட்டது தேவசகாயத்தின் குரல்.

“நாங்கள் கூப்பிடும்போது இரக்கமாய்க் கேட்டருளும்.”

குற்றாலத்துக்குப் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கண்ணைத் திறந்தேன். தேவசகாயம் ஏற்கெனவே திறந்திருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பார்த்ததில்லை. அவன் ஆட்கள் அவனையே பார்த்தார்கள். ஒருவன் சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

“அத்தான்! சொல்ல மாட்டேன்னுதான சொன்னிய? வேணும்னே பண்ணுதியளா?”

சுபேதாராவது காப்பாற்றுவார் என்று திரும்பினேன். அவர் யாரையும் அவ்வளவு கோபமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

“வாத்தியாரே! ராஜாதான் தையிலயே செத்துட்டாரேய்யா! இப்போ ராணில்லா! செத்தவருக்கா ஜெபம் பண்ணுதீரு? நாமென்ன ஆர்.சி. கத்தோலிக்கரா?”

இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டது அன்றைக்குத்தான். அந்த விஷயம் நான்.

பெஞ்சு ஒன்று விழுந்தது. தேவசகாயமும் ஆட்களும் வெளியேறினார்கள். சுபேதார் கதவைச் சாத்தச் சொன்னார். சாலை போடக் குவித்திருந்த ஜல்லி கோவில் வாசலிலேயே கிடந்தது.

ஒன்பது இருபத்தைந்து. சன்னல் கண்ணாடி போகிறது. கண்ணாடியின் சத்தம் வேறு. மழை பெரிதாவது போல இருக்கும். பெண்கள் பாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒண்டுகிறார்கள். எனக்குத் தொடை நடுங்குகிறது. நிறுத்த முடியவில்லை. கையால் அமுக்குகிறேன்.

ஒன்பது முப்பது. கல் நின்றது. அரை நிமிடம். எழுந்து பார்த்தேன். உடைந்த சன்னலுக்கு நேர் எதிரே தேவசகாயம். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். நனைந்த முகம். என்னைப் பார்த்துவிட்டான்.

ரத்தினம் பெண்கள் பக்கத்திலிருந்து என்னை நோக்கி ஓடிவருகிறாள்.

“குனிங்க! குனிங்க! கல்லு வருது!”

குனிந்தேன்.

இந்தக் கல்லுக்கு மூன்று சத்தம் கேட்கவில்லை. ஒன்றுதான். அதிலும் ஓசை குறைவு. அவள் எனக்கு நேர் பின்னால் வந்து சேர்ந்திருந்தாள்.

பிறகு தேவசகாயம்தான் கதவை உடைத்தான். “அக்கா! ஏக்கா!” என்று அவன் கத்தியதைச் சுபேதாரே தாங்காமல் திரும்பிக்கொண்டார். அருவியிலிருந்து திரும்புகிற பஸ்ஸின் முன்னால் போய்க் குறுக்கே படுத்து நிறுத்தியதும் அவன்தான். ஈரத்துண்டோடு இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். தென்காசி ஆஸ்பத்திரி வரை அவள் தலை அவன் மடியில் இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் போலீஸ் வந்தது. கல்லை எறிந்தது யார் என்று கேட்டது. கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்றேன். ரத்தினம் கட்டுக்குள்ளிருந்து, “ஆமா, அவுக ஜெபத்துலதான் குனிஞ்சிருந்தாவ” என்றாள். தன்மேல் கல்லை எறிந்தவனையும் தனக்கு முன்னால் குனிந்தவனையும் ஒரே வாக்கியத்தில் காப்பாற்றினாள்.

வருகிற மாதம் எங்கள் கோவிலில் தேர்தல். மறுபடியும் இரண்டு கட்சி. இளந்தாரிகள் சாலையோரம் கூடிக்கூடிப் பேசுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு கட்சி என்னிடம் வந்தது. சனிக்கிழமை மற்றது. எனக்கு மறுபடியும் தொடை நடுங்குகிறது. அதனால் பதின்மூன்று வருடம் கழித்து எழுதிவைக்கிறேன்.

போனவை: ஓடு முப்பத்தெட்டு. கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. கோவில் ஆறு வருடம் பூட்டிக் கிடந்தது. அந்த ஆறு வருடத்தில் எங்கள் தெருக் கல்யாணம் ஒன்றுகூட இங்கே நடக்கவில்லை. ஒன்பது குடும்பம் வேறு சபைக்குப் போனது. சுபேதார் பூட்டுத் திறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தார். இரண்டு கட்சியும் வந்து மண் போட்டன. தேவசகாயம் செங்கோட்டை தாண்டி மலைக்குப் போனான், தேயிலைத் தோட்டத்துக்கு. கடிதம் இல்லை. ஒரு தடவை கிறிஸ்துமஸுக்கு வந்தான். வாசல் வரை வந்து, அக்கா நிமிர்ந்து பார்த்ததும் திரும்பிப் போய்விட்டான்.

ரத்தினத்தின் இடது கண் ஒன்று.

அந்தக் கல் எனக்கு வந்தது. என் கண் திறந்துதான் இருந்தது. நான் ஜெபிக்கவில்லை.