வலது பக்கத்துச் சத்தம்

ஒரு காரை என்னிடம் விட்டுப் போனால், முதலில் எனக்குத் தெரியவருவது இன்ஜின் அல்ல, குடும்பம். பக்கத்து சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளியிருக்கிறார்கள், அதன் இடுக்கில் என்ன விழுந்து கிடக்கிறது, டாஷ்போர்டு பெட்டியின் அடியில் எதை மடித்து வைத்திருக்கிறார்கள், இவ்வளவு பார்த்தால் போதும். அந்த வீட்டு மாமியாருக்கே தெரியாதது ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெரிந்துவிடும். தெருவில் என்னை ரேடியோ என்பார்கள். எனக்குக் கோபமில்லை. இருபத்தெட்டு வருஷமாக ஒலிபரப்பு நின்றதில்லை.

நீங்கள் ஸ்டேஷனிலிருந்து கேட்க வந்தது ஒரே கேள்விதான் ஐயா. வலது முன்சக்கரத்து பேரிங் போயிருந்த காரில், இத்தனை வருஷ மெக்கானிக் எப்படி இடது பக்கத்து ஹப்பை, பேரிங் இருக்கிற அந்தச் சக்கரக் குடத்தை, மாற்றினான்? தெரு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. தங்கச்சி பிரிகிற துக்கம், பாவம், கை தவறிவிட்டது. நல்ல பதில்தான். உட்காருங்கள், அந்த ஸ்டூல் ஆடாது.

அப்பா அம்மா போனபோது தங்கச்சிக்கு ஆறு வயது, எனக்குப் பதினெட்டு. தனியாகத் தூங்கப் பயப்படுவாள். மாடிப்படியில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால்தான் கண் மூடுவாள். பிறகு வளர்ந்தாள், கார் சீட்டுக்கு உறை தைக்கக் கற்றுக்கொண்டாள். கீழே என் பட்டறை, மேலே அவள் தையல் மிஷின். அது ஓடினால் என் கையும் ஓடும். அது நின்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பேன். யாரோடு பேசுகிறாள், ஏன் சிரிக்கிறாள் என்று. அண்ணன் கேட்காமல் வேறு யார் கேட்பது.

வரன்கள் வந்தன. நான் தடுத்ததாகப் பேசுவார்கள். நான் கண்டதைத்தான் சொன்னேன். முதல் ஆள் காரில் பக்கத்து சீட்டைக் கடைசிவரை தள்ளி, முழுசாகச் சாய்த்திருந்தது. "யாரோ கால் நீட்டிப் படுத்துக்கிட்டு வர்றாங்கம்மா, பார்த்துக்கோ" என்றேன். படுத்து வந்தது பக்கவாதம் வந்த அவருடைய அப்பா என்று பிறகு தெரிந்தது. அதற்குள் பேச்சு முறிந்துவிட்டது. முறிந்ததை ஒட்டவைப்பது என் தொழில் இல்லை. இரண்டாவது ஆள் வாத்தியார். சீட்டுக்கு அடியில் மாத்திரை அட்டை கிடந்தது. தீராத வியாதி போலிருக்கிறது என்று தெருவில் நாலு பேர் காதில் போட்டேன். வியாதி அவருடைய நாய்க்கு. மூன்றாவது ஆள் காரை இரண்டு தடவை குடைந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு பல வருஷம் நிம்மதி.

அவளுக்கு நாற்பத்தொன்று ஆனபோது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் சீட்டு உறை தைக்க வந்தார். மனைவியை இழந்தவர், மெதுவாகப் பேசுவார். அளவு கொடுக்க நாலு தடவை வந்தார். சீட்டு வளருமா என்ன. நாலாவது தடவை மேலே மிஷின் நின்றே போய்விட்டது. பேச்சுக் குரலும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள் இரண்டு பேரும். அது எவ்வளவு மோசமான சத்தம் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

இந்தத் தடவை அவள் என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். "அண்ணே, கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டு அவங்க சொந்த ஊருக்கே போயிடறோம். எட்டு மணி நேரம்தானே, நினைச்சா வந்து பார்ப்பேன்." நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய காரை மூன்று தடவை சும்மாவே கழுவிக் கொடுத்தேன். சீட்டு இடுக்கில் ஒரு கண்ணாடி துடைக்கிற துணி. பெட்டியில் என் தங்கச்சி எழுதிக் கொடுத்த உறை அளவு, நாலாக மடித்து, பத்திரமாக. அவ்வளவுதான். மனிதரிடம் குற்றம் என்று எதுவுமே இல்லை. கார்தான் கொஞ்சம் இரைந்தது.

"மச்சான், முன்னாடி ஏதோ இரையுதே, கொஞ்சம் பார்த்துடறீங்களா? நீங்க தொட்டா எனக்கு நிம்மதி" என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். இடது பக்கம் வளைத்தால் இரைச்சல் கூடியது, வலது பக்கம் வளைத்தால் அடங்கியது. இடது வளைவில் பாரம் வலது சக்கரத்தின் மேல் விழும். ஆகவே போனது வலது பேரிங். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். விழப்போகிற கடைவாய்ப் பல் மாதிரி ஆடியது. இதில் குழம்ப ஒன்றுமில்லை ஐயா, கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்.

பிறகு இடது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

அந்த வேலையை நீங்கள் சோதித்துக்கொள்ளலாம். பிரேக் காலிப்பரைக் கழற்றி, ரப்பர் குழாய் இழுபடாமல் கம்பியில் தொங்கவிட்டேன். நடு நட்டு இளக, ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி அதன்மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. பின்னால் நாலு போல்ட்டைக் கழற்றியும் ஹப் வெளியே வர மறுத்தது. நன்றாக இருந்த ஹப், அதற்கு மட்டும் மனசு வருமா. சுத்தியலால் தட்டித் தட்டிப் பிரித்தேன். அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, புது ஹப்பை வைத்து, புது நட்டு போட்டு, அளவு பார்த்து முறுக்கினேன். இப்போதும் அந்தச் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றும்.

என் எண்ணம் சின்னது. நூறு கிலோமீட்டரில் இரைச்சல் பெரிதாகும், பயந்து திரும்பி வருவார்கள், நான் வலது பக்கத்தையும் மாற்றுவேன். நாலு நாள் ஆகும் என்று சொல்லலாம். நாலு நாளில் எத்தனையோ நடக்கும்.

கிளம்புகிற காலையில் மாப்பிள்ளை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "சத்தம் இன்னும் இருக்கே மச்சான்?"

"புதுசுல்ல மாப்பிள்ளை, பழகணும். ஓட ஓடச் சரியாயிடும்."

"புதுசுன்னா எல்லாம் அப்படித்தான்" என்று தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். தையல் மிஷினைத் தூக்கிப் பின்னால் வைத்தது நான்தான்.

பதினொன்றரைக்குத் தங்கச்சி போன் செய்தாள். "அண்ணே, சத்தம் ஜாஸ்தியாயிட்டே வருது. ஸ்டீயரிங் வேற உதறுது. இங்க ரோட்டோரமா ஒரு பட்டறை இருக்கு, காட்டிட்டுப் போயிடறோம்."

திரும்பி வருகிறோம் என்று அவள் சொல்லவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வேறொருவன் சக்கரத்தைக் கழற்றினால் ஐந்து நிமிஷம். இடது பக்கம் பளபளவென்று புது ஹப், வலது பக்கம் பழையது. சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். என் தங்கச்சி முட்டாள் இல்லை. ஒன்றைத் தொட்டு ஒன்றாக, சாய்த்த சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருப்பாள். பிறகு எட்டு மணி நேர தூரம் என்பது எண்பது வருஷ தூரம்.

"கண்டவன் கையில கொடுத்துக் கெடுத்துக்காதீங்க. பழகுது, அவ்வளவுதான். நிறுத்தாம ஓட்டச் சொல்லு" என்றேன்.

"நிஜமாவாண்ணே?"

"நான் என்னைக்கும்மா உங்கிட்ட பொய் சொல்லியிருக்கேன்?"

"சரிண்ணே" என்றாள். அவள் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

அங்கிருந்து முப்பத்தேழு கிலோமீட்டர். பாலத்துக்கு முன்னால் ஓர் இடது வளைவு, பாரம் முழுக்க வலது பக்கம். சக்கரம் கழன்று தனியாகவே பாலத்தைக் கடந்து போய் நின்றதாம். கார் கடக்கவில்லை. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். நல்ல மனிதர். எவ்வளவு தேடியும் எனக்கு ஒன்றும் கிடைக்காத ஒரே ஆள் அவர்தான்.

இல்லை, மூன்றாவது ஆளிடமும் கிடைக்கவில்லை. சொன்னேனே.

ஆஸ்பத்திரியில் கையில் மாவுக்கட்டோடு கண் விழித்தாள். அழவில்லை. "எந்தப் பக்கம்ணே மாத்தினே?" என்று கேட்டாள். இடது என்றேன். பட்டறைக்கு மேலேயே வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையா. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கை தவறவில்லை. தெரிந்தே பக்கத்தை மாற்றினேன், தெரிந்தே நிறுத்தாமல் ஓட்டச் சொன்னேன். கையெழுத்து இங்கேதானே.

ஒரு விஷயம் மட்டும் யோசியுங்கள். அவள் இப்போது மேலேதான் இருக்கிறாள், எங்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து, நாலு நாளாகக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். மிஷின் மேஜையைக்கூட ஒற்றைக் கையால் இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள், கீழே கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா மொட்டைமாடி வழியாகக் கொடுப்பதைத்தான் சாப்பிடுகிறாள். சின்ன வயசிலிருந்தே அவளுக்குப் பயம் ஐயா. அதனால்தான் நான் படியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் என்னைக் கூட்டிப்போய்விட்டால், பாவம், அவளுக்கு எப்படித் தூக்கம் வரும்?