கடைசி வரிக்குப் பிறகு ஒரு சத்தம்

— நிறுத்து, நிறுத்து! ரெக்கார்டிங்ல மறுபடியும் அதே இடத்துல அதே சத்தம். என்னதான் அது, டோர்கெல்?

— அதாவது... பியானோ பெடலா இருக்கும், யில்வா.

— பெடலுக்குக் காலையிலதானே எண்ணெய் விட்டே?

— அப்ப ஸ்டூல்.

— ஸ்டூலையும் மாத்தியாச்சு. இப்ப நான் உக்காந்திருக்கறது பாதிரியாரோட நாற்காலி. இந்தக் குட்டி தேவாலயத்துல இனி மாத்தறதுக்குச் சிலுவை ஒண்ணுதான் பாக்கி.

— அடுப்புல விறகு வெடிச்சிருக்கும்.

— விறகு டப்புனு வெடிக்கும். இது ஷ்ஷுப்புனு கேக்குது. அதுவும் கடைசி வரி முடிஞ்ச உடனே. நான் எந்த வரி பாடறேன்னு விறகுக்குத் தெரியுமா?

— காப்பி நேரம் ஆச்சு. குடிச்சிட்டுப் பார்ப்போமே. ஏலக்கா பன் இருக்கு.

— கூரையே இடிஞ்சு விழுந்தாலும் உனக்கு மூணு மணிக்குக் காப்பி வந்தாகணும்! நாளைக்கு ஞாயித்துக்கிழமை. உன்கிட்ட இருக்கற வாரம் முடிஞ்சு நம்ம பொண்ணு சிக்னே என் வீட்டுக்கு வர்றா. அவ வந்துட்டா ஒரு வாரத்துக்கு நான் அம்மா, பாடகி இல்லை. இன்னைக்கு இந்தப் பாட்டு முடிஞ்சாத்தான் ஆல்பம் முடியும்.

— அதாவது... அந்தக் கடைசி வரியையே எடுத்துட்டா?

— என்னது?

— அதுக்கு முன்னாடியே பாட்டு முடிஞ்ச மாதிரிதான் இருக்கு.

— அட கஷ்டமே! இந்த ஆல்பமே அந்த ஒரு வரி மேலதான் நிக்குது. முதல் ஆல்பம், நாம சந்திச்சது. ரெண்டாவது, சிக்னே பொறந்தது. மூணாவது, நான் உன்னை விட்டுப் போனது. அதுக்கப்புறம் நீ பட்ட பாட்டை யாராவது பாட வேண்டாமா?

— நான் பட்ட பாடு.

— ஆமா. நீ வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டே. உனக்கும் சேர்த்து நானே பாடித் தொலைக்கறேன்.

— நீ பாடப் பாட, கூட்டுறவுக் கடையில கல்லாவுல உக்காந்திருக்கற குன்வோர் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழறா. நான் உருளைக்கிழங்கு வாங்கப் போனேன், யில்வா. பின்னாடி வரிசையே நிக்குது.

— பார்த்தியா? ஊருக்கே தெரியுது உன் வலி.

— அந்த மூணாவது ஆல்பத்துல, குளிர்காலம் முழுக்க நான் ஜன்னல்கிட்டயே நின்னதா வருதே...

— ஏன், நிக்கலையா?

— அதாவது... சரி, விடு. ஒண்ணு கேக்கறேன். இந்தக் கடைசி வரியில நீ நிஜமாவே கேக்கறியா, இல்லை சும்மா பாட்டுக்கா?

— "கதவைச் சாத்திட்டுப் போனேனே, அன்னைக்கு உனக்கு நிம்மதியா இருந்துச்சா?" இது கேள்வியா? என்னை நானே குத்திக்கறது. பாட்டைக் கேக்கறவங்க எல்லாருக்கும் பதில் தெரியும். அதான் அந்த வரிக்கப்புறம் ஒண்ணுமே கேக்கக் கூடாதுங்கறேன். ஒரு மூச்சு, ஒரு முணுமுணுப்புகூட. அந்த அமைதியிலதான் நான் ஆறு வருஷமாக் குடியிருக்கேன். ஒரு மனுஷனை நொறுக்கிட்டு வந்துட்டோமேங்கற நினைப்புதான் என்னைத் தினமும் பியானோ முன்னாடி உக்கார வைக்குது. அது இல்லைன்னா எனக்குப் பாட்டே இல்லை. புரியுதா?

— புரியுது. அதனாலதான் சொல்றேன், நான் வெளியில போய் நிக்கறேன். மெஷின் பாட்டுக்கு ஓடட்டும். நீ பாடு.

— மைனஸ் இருபத்திரெண்டு டிகிரிக் குளிர்ல போய் நிக்கப் போறியா? ஒண்ணும் வேண்டாம். எதிர்ல உன் முகத்தைப் பார்த்தாத்தான் எனக்கு அந்த இடத்துல குரல் உடையுது.

— எனக்கு அதுதான் கஷ்டமா இருக்கு.

— உனக்கு என்ன கஷ்டம்? ...இரு. அந்த இடத்தைத் திரும்பப் போடு. ஹெட்போனை இப்படிக் குடு.

— வேண்டாம், யில்வா.

— போடுன்னா போடு. பியானோவைக் குறை. இன்னும் குறை. ...இதோ, "நிம்மதியா இருந்துச்சா?" ...ஷ்ஷுப். டோர்கெல், இது மூச்சு.

— ம்.

— இது நீ!

— மன்னிச்சுக்கோ. ஒவ்வொரு தடவையும் அடக்கித்தான் பார்த்தேன்.

— ஐயோ. இவ்வளவு நேரம் பெடலையும் ஸ்டூலையும் திட்டிட்டு இருந்தேனே. பெருமூச்சா விட்டுட்டு இருந்தே? ஆறு வருஷம் ஆச்சு. இன்னுமா உனக்கு வலிக்குது?

— அதாவது...

— சொல்லாதே. எதுவும் சொல்லாதே. நான் ஒரு மடச்சி. அந்தச் சத்தத்தை அழிக்க வேண்டாம், அப்படியே ஆல்பத்துல இருக்கட்டும். ஸ்டாக்ஹோம்ல அதைக் கேட்டுட்டு ஒருத்தர்கூட அழாம எழுந்து போக மாட்டாங்க.

— உங்க ஸ்டாக்ஹோம்ல அழுவாங்க. இங்க வடக்குல கேட்டா, குன்வோர்கூட அழறதை நிறுத்திடுவா.

— ஏன்?

— பெருமூச்சுன்னா வெளியில விடறது, யில்வா. இது உள்ள இழுத்த மூச்சு. நாங்க இந்தப் பக்கம் 'ஆமா'ன்னு சொல்றது இப்படித்தான்.