ஆட்டுக்கால் சூப்

பசறையில் பஸ் ஏறியபோது உட்கார இடமில்லை. நின்றுகொண்டு போவது எனக்குப் பழக்கம்தான். பக்கத்து சீட்டில் ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் ஒரு காலில் சப்பாத்தும், வீங்கிய மறுகாலில் ரப்பர் செருப்பும் போட்டிருந்தார். அந்தக் காலில் இருந்து கழற்றிய சப்பாத்து சீட்டுக்கடியில் கிடந்தது.

“ஓடறதுக்குத்தான் ஆட்டுக்கால் சூப்பு குடிச்சேன் மச்சான். அதுவே என்னைய நொண்ட வச்சிருச்சு,” என்றார் அவர்.

“எத்தன நாளு குடிச்ச?”

“சித்திர வருசத்து மரதன் ஓட்டத்துக்குப் பழக ஆரம்பிச்சதுல இருந்து தெனமும். ஞாயித்துக்கெழம ஈரலும் சேத்து. இப்ப பெருவிரல்ல போர்வ பட்டாலே உசுரு போகுது. யூரிக் அசிட் கூடிருச்சாம். சூப்பு, ஈரல் எல்லாத்தையும் டாக்டர் நிப்பாட்டிட்டாரு. வீக்கம் வத்துற வரைக்கும் ஓடவும் கூடாதாம்.”

“எளந்தாரியா இருக்கப்ப என்னத்தடா குடிச்சோம்?”

“வெறும் தேத்தண்ணி, ரெண்டு ரொட்டி. வெறுங்கால்லயே பெக்டரியச் சுத்தி வருவோம்.”

“கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க மலையில நின்னு ஒம்பேரச் சொல்லிக் கத்துவாங்க. எனக்குப் பேரே ‘ரெண்டாவது’தான்.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஜன்னலோரத்தவர் சொன்னார்: “மரதனுக்கு இன்னும் மூணு கெழமதான் இருக்கு. இந்தத் தடவ நீ தனியா ஓடு. கப்பு ஒனக்குத்தான்.”

“நீ முன்னால போகாம நான் யாரப் பாத்துடா ஓடுறது? கால் ஆறட்டும். அடுத்த வருசம் ரெண்டு பேரும் ஓடுவோம்.”

பதுளை ஸ்டாண்டில் அவரை முதலில் இறங்கவிட்டு, கழற்றி வைத்த ஒற்றைச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு மற்றவர் பின்னால் இறங்கினார்.