பானெட்டுக்கு அந்தப் பக்கம்

— எண்ணெயில தண்ணி எறங்கல, தண்ணியில எண்ணெய் கலக்கல. இஞ்சின் ஹெட்டக் கழட்டிப் பாத்துட்டேன், இம்மி வளையல. நான் திருப்பரங்குன்றத்துல பட்டறை போட்ட நாள்லருந்து, இம்புட்டு சூடேறுன இஞ்சின் இப்படி முழுசாப் பொழச்சு நான் பாத்ததில்ல வக்கீலண்ணே.

— அப்ப என்னதான் கோளாறு, சிராஜ்?

— தெர்மோஸ்டாட்டுன்னு ஒரு சின்ன சாமான். இஞ்சின் சூடானா அது தொறந்து தண்ணிய ரேடியேட்டருக்கு விடணும். அது மூடுனபடியே செத்துப்போச்சு. தண்ணி போக வழியில்லாம உள்ளயே கொதிச்சிருக்கு. புதுசு மாட்டிட்டேன். ரேடியேட்டரையும் அலசி விட்டுட்டேன். முடிஞ்சுச்சு.

— அம்புட்டுத்தானா?

— அம்புட்டுத்தான். ஏண்ணே மொகம் வாடுது? வேற ஆளா இருந்தா இந்நேரம் என்னயக் கட்டிப் புடிச்சிருப்பாங்க.

— பெருசா ஏதோ ஒடஞ்சிருக்கும்னு நெனச்சேன்.

— ஒடஞ்சிருக்கணும்னு ஆசப்பட்ட மாதிரியில்ல பேசுறீங்க! ஆமா, என்ன திடீர்னு மொட்ட? பழனியா, திருச்செந்தூரா?

— நீ வண்டியப் பத்திச் சொல்லு.

— சொல்றேன். இந்த வண்டியப் பொழைக்க வெச்சது நான் இல்லண்ணே, நீங்கதான். சூடு காட்டுற முள்ளு செவப்பத் தொட்டதும் ஓரங்கட்டி ஆஃப் பண்ணீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க. நம்ம ஆளுக என்ன செய்வாங்க? ‘இந்தா வந்துருச்சு ஊரு, போயிருவோம்’னு மிதிப்பாங்க. இஞ்சின் உருகிக் கட்டிக்கிரும். நீங்க பானெட்டத் தொறந்து வெச்சு, ஆறவிட்டு, அவசரப்படாமத் தண்ணி ஊத்தியிருக்கீங்க. கொதிக்கயில மூடியத் தொறந்திருந்தா மொகமே வெந்துருக்கும். அம்புட்டுப் பொறும யாருக்கு வரும்?

— போதும் சிராஜ்.

— இல்லண்ணே, நல்லதச் சொன்னா என்ன...

— நான் ஒண்ணு கேக்கறேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.

— கோர்ட்டுல கேக்கற மாதிரியே கேக்கறீங்களே. கேளுங்க.

— முள்ளு செவப்பத் தொட்டது ஆலம்பட்டி தாண்டி. அங்க நான் நிப்பாட்டாம ஓட்டியிருந்தேன்னு வையி. வண்டி என்னாயிருக்கும்?

— கெட்டுருக்கும்.

— எப்ப?

— எப்பன்னா?

— ஒடனேயா? கொஞ்ச தூரத்துலயேவா? நடுரோட்டுல நின்னே போயிருக்கும்ல? நின்னுருக்கும்னு சொல்லு.

— அதெப்படிண்ணே நிக்கும்? பழைய டீசல் இஞ்சின் இது. இப்ப வர்ற வண்டின்னா கம்ப்யூட்டரே பயந்துபோயி ஆஃப் பண்ணிரும். இது முழு இரும்பு. அந்தக் காலத்துல மந்திரி, மில் மொதலாளின்னு பெரிய ஆளுகளுக்குச் செஞ்ச வண்டி. அம்புட்டு லேசுல விழாது.

— திருமங்கலம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துருக்குமா?

— ஆஸ்பத்திரியா? தாராளமா. உள்ள ஹீட்டரப் போட்டுவிடணும். இஞ்சின் சூட்ட அது இழுத்துக்கிரும். கண்ணாடிய எறக்கிவிட்டு மெதுவா உருட்டுனா, ஆஸ்பத்திரி தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துரும். வந்து சேந்த பெறகு வேணா சாகும். ஆனா கொண்டாந்து சேத்துரும். அதுல சந்தேகமே இல்ல.

— சந்தேகமே இல்லையா?

— அல்லா மேல ஆணையா இல்லண்ணே. அண்ணே? அண்ணே, உக்காருங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. இப்படி வேர்த்து ஊத்துது! சோடா வாங்கியாரவா?

— வேணாம். ஹீட்டரு போடணும்னு எனக்குத் தெரியாது.

— யாருக்குமே தெரியாதுண்ணே. கொளுத்துற வெயில்ல எவன் ஹீட்டரு போடுவான்?

— பின் சீட்டுல எங்கப்பா இருந்தாரு சிராஜ்.

— என்னண்ணே சொல்றீங்க?

— நெஞ்சு வலி. பேரையூர்லருந்து கூட்டிக்கிட்டு வாரேன். ஆம்புலன்சக் கூப்பிடுறேன்னேன். ‘நம்ம வண்டி வாசல்ல நிக்கயில எனக்கெதுக்குடா ஊளையிடுற வண்டி’ன்னுட்டாரு.

— யா அல்லா. இப்ப அப்பாவுக்கு...

— மொட்டயக் கேட்டேல்ல. பழனியும் இல்ல, திருச்செந்தூரும் இல்ல.

— அண்ணே... எனக்குத் தெரியாதுண்ணே. வண்டியக் கட்டி இழுத்துக்கிட்டு வந்த ஆளு, சூடேறுனதும் ஓரங்கட்டித் தண்ணி ஊத்துன வண்டின்னு மட்டுந்தான் சொன்னாரு. நான் பாட்டுக்கு ஒங்கள நிக்க வெச்சுப் பாராட்டிக்கிட்டு... என் வாயில மண்ணு விழ.

— ஒன் மேல என்ன தப்பு இருக்கு?

— இல்லண்ணே, நான் இப்பச் சொன்னதெல்லாம் சும்மா தொழில் பெரும. ஓடியிருக்காது. ரேடியேட்டரு வேற பாதி அடச்சுக் கெடந்துச்சு. வெயிலு அப்படி. கொஞ்ச தூரத்துலயே இஞ்சின் கட்டியிருக்கும். கண்டிப்பா கட்டியிருக்கும்ணே.

— விடு சிராஜ். மொதச் சொன்னதுதான் சாட்சி. எம் மூஞ்சியப் பாத்துட்டு மாத்திச் சொல்றத நான் எதுல சேக்கறது?

— ஏண்ணே ஒங்களயே அறுத்துக்கறீங்க? அவரு அம்புட்டு மோசமா இருக்காருன்னு தெரிஞ்சிருந்தா நீங்க நிப்பாட்டியிருப்பீங்களா?

— நிப்பாட்டச் சொன்னதே அவருதான். நெஞ்சப் புடிச்சுக்கிட்டு இருந்த மனுசன், எந்தங்கச்சி மடியிலருந்து எட்டி முள்ளப் பாத்துட்டாரு. ‘செவப்புக்குப் போயிருச்சுடா, ஓரங்கட்டு’ன்னு ஒரே சத்தம். ‘வலி எப்படிப்பா இருக்கு?’ன்னேன். ‘ஏப்பம் வந்துருச்சு, வெறும் வாயுதான். நீ வண்டியப் பாரு’ன்னாரு. நம்பிட்டேன். அப்ப எனக்கு அது வாயுவா இருக்க வேண்டியிருந்துச்சு, நம்பிட்டேன்.

— வண்டி மேல அம்புட்டுப் பிரியமா அவருக்கு?

— இது அப்பா பண்ணையாளா இருந்த வீட்டு வண்டி. தெனமும் கழுவித் தொடைக்கிறது அவரு வேல. உள்ள கெடக்குற மிதியடியத் தட்டிப் போடணும்னாக்கூட, வெளிய நின்னுதான் கைய நீட்டி எடுக்கணும். கால் உள்ள படக்கூடாது. அவங்க வித்து, அது கைமாறிக் கைமாறி, ஒரு புளியமரத்தடியில கோழி அடஞ்சு கெடந்துச்சு. தேடிப் புடிச்சு வாங்குனேன். வீம்புக்கு வாங்குனேன். எங்கப்பன் சோணைமுத்து இதுல பின் சீட்டுல உக்காந்து அந்தத் தெரு வழியாப் போகணும்னு வாங்குனேன்.

— போனாரா?

— போனாரு. சீட்டு நுனியில ஒடம்பக் குறுக்கிக்கிட்டு உக்காந்து போனாரு. ‘சாஞ்சு உக்காருங்கப்பா, நம்ம வண்டிதான்’னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்! சாயவே மாட்டாரு. அன்னைக்கு வலியிலதான் மொத மொதலாச் சாஞ்சாரு.

— அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும். வையக்கூடாது.

— சொல்லு.

— பின் சீட்டுக்குக் கீழ ஒரு துண்டு கெடந்துச்சு. பழந்துணின்னு நெனச்சு... இஞ்சினத் தொடைக்க எடுத்துட்டேன். அந்தா, டிரம்மு மேல கெடக்குது. கரியாயிருச்சு. நான் நல்லாத் தொவச்சுத் தந்துர்றேன்.

— வேணாம். ஆயுசு பூரா இதைத்தான் தொடச்சாரு. அவரு துண்டும் தொடச்சுட்டுப் போகட்டும்.

— அப்படிப் பேசாதீங்கண்ணே.

— ஒரு வேல செய்யி. இத ஒடச்சுப் போட்டுரு.

— எத? இந்த வண்டியவா?

— துண்டு துண்டா வெட்டிக் காயலாங்கடைக்கு அனுப்பிச்சுரு. எனக்கு ஒண்ணும் வேணாம்.

— உசுரோட இருக்க இஞ்சின்ணே இது. என் கையால முடியாது. இருங்க, ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன், சத்தத்தக் கேட்டீங்கன்னா...

— சாவியத் தொடாத! அந்தச் சத்தத்த நான் கேக்கக்கூடாது. ஆலம்பட்டி வெயில்ல அது மறுபடியும் எடுத்துருச்சே, ஜோரா எடுத்துருச்சே, அப்ப நான் கையத் தட்டுனேன் சிராஜ். ‘அப்பா, வண்டி எடுத்துருச்சுப்பா’ன்னு சின்னப்பய மாதிரி கையத் தட்டுனேன். அப்பத்தான் பின்னாடிருந்து தங்கச்சி மீனா அலறுனா. அதோட பதறிப்போயி அணைச்சவன், பெறகு சாவியத் தொடல, நடுரோட்டுக்கு ஓடிப்போயி வர்ற வண்டிய மறிச்சேன். வேற வண்டியில ஏத்திக்கிட்டுப் போனோம். போயி என்ன?

— அண்ணே! இங்கதான் இருக்கியா? வீடு பூரா ஒன்னயத் தேடுது. போனு அடிச்சா எடுக்க மாட்டேங்கிற.

— நீ ஏன் மீனா இங்க வந்த? சிராஜ், இவதான் எந்தங்கச்சி, முத்துமீனா.

— வாங்கம்மா. நீங்களாச்சும் அண்ணனுக்குச் சொல்லுங்க. நிப்பாட்டாம ஓட்டியிருந்தா ஆஸ்பத்திரி வந்துருக்குமான்னு கேட்டாரு. வெவரம் தெரியாம, வந்துருக்கும்னு சொல்லித் தொலச்சுட்டேன்.

— வந்துருக்குமா பாய்?

— பாத்தியா மீனா, நீயும் கேக்கற. வந்துருக்கும். நான் பானெட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு இரும்புக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தேன். அந்தப் பக்கம் அவரு... ஒண்ணுமே தெரியல எனக்கு, பானெட்டு மறச்சுக்கிருச்சு. ஒரே ஒரு தடவ தலைய நீட்டி ‘எப்படிப்பா இருக்கு?’ன்னேன். கைய ஆட்டுனாரு. நல்லாருக்கேங்கிறாருன்னு நெனச்சேன்.

— நல்லாருக்கேன்னு ஆட்டலண்ணே.

— பெறகு?

— வராத, அங்கிட்டுப் போன்னு ஆட்டுனாரு.

— என்ன மீனா சொல்ற?

— டாக்டரக் கேட்ட. தண்ணி குடுத்த தோட்டத்துக்காரரக் கேட்ட. இன்னைக்கு மெக்கானிக்கக் கேக்கற. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? அவரு தல எம் மடியில இருந்துச்சு.

— நீ அழுதுகிட்டே இருந்த. கேக்கப் பயமா இருந்துச்சு.

— எனக்கும் பயந்தான். நீ கேட்டுருவியோன்னு பயம்.

— தங்கச்சி, பட்டறையில வெச்சு வேணாம்மா. வீட்டுக்குப் போயி ஆற அமரப் பேசிக்கங்க.

— வீட்டுல அம்மா இருக்கு பாய். அங்க வெச்சு இத எப்படிச் சொல்லுவேன்? சொல்லாம விட்டா, அண்ணன் தான்தான் கொன்னேன்னு செத்துப்போகும். நீங்க இங்கயே இருங்க.

— சொல்லு மீனா.

— நீ கொடத்த எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் போனதுமே அவருக்கு மறுபடியும் வலி வந்துருச்சு. ஏப்பமெல்லாம் பொய்யி. ஒதடு கருத்துப்போச்சு. கால உதறுறாரு, கதவுல சத்தம் வரக்கூடாதுன்னு கால மடக்கிக்கிறாரு. நீ திரும்பி வந்து பானெட்டுக்கிட்ட நிக்கிற. ரெண்டெட்டுத் தூரந்தான். ஒன் செருப்புச் சத்தங்கூட எனக்குக் கேக்குது.

— அப்ப ஏண்டி என்னயக் கூப்பிடல? ஒரே ஒரு சத்தம்! வண்டியாவது மயிராவதுன்னு அப்படியே மிதிச்சுக் கொண்டு போயிருப்பேனேடி!

— கூப்பிடத்தாண்ணே வாயத் தொறந்தேன். எம் வாயப் பொத்திட்டாரு. ‘அவன் வண்டியப் பாக்கட்டும், கூப்பிடாத’ன்னாரு. அந்தக் கையி தானா விழுந்த பெறகுதான் நான் கத்துனது.