கடைசி வளைவு மோகினி

— அதையும் வாசிங்க தம்பி. ஏன் முழுங்குறீங்க? ஒத்த ஸ்டார்னாலும் நம்ம சனம் எழுதுனதுதானே.

— வாசிக்கிறேன்க்கா. ‘பழைய மோகினி எங்க அம்மாவையும் அலற வச்சுது, என்னையும் அலற வச்சுது. புது மோகினி பியூட்டி பார்லர்ல இருந்து நேரா வந்த மாதிரி இருக்கு. ஒரு ஸ்டார். அந்த ஒண்ணும் வாசல்ல விக்கிற மாங்காய்க்கு.’ போதுமா?

— அடுத்தது?

— ‘டிவி எங்க வீட்டுலயே இருக்கு. அதைப் பாக்க வடமதுரை ரோட்டுல இம்புட்டுத் தூரம் எதுக்கு வரணும்?’ இதுவும் உங்க குரூப்பு ஆளுதானே? ‘மோகினி ரயில் சொந்தங்கள்’. நீங்கதானே அட்மின்?

— ஆமா, நான்தான். நாகல் நகர் அன்புக்கரசின்னு பேரு போட்டுத்தான் எழுதுறேன், மூஞ்சிய மறைச்சா எழுதுறேன்? காலேஜ் படிச்ச காலத்துல இருந்து வருசம் தவறாம இந்தப் பார்க்குப் பேய் ரயில்ல ஏறுறவ தம்பி நானு. கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் எங்க வீட்டுக்காரரையும் இதுலதான் ஏத்துனேன். மனுசன் எங் கையப் புடிக்கல, முன்சீட்டுக்காரன் சட்டையப் புடிச்சுக்கிட்டே வந்தாரு.

— அக்கா, லாஜிக்கா பேசுவோம். அந்தப் பழைய மோகினி பொம்மைக்கு மூக்கே உதுந்து போச்சு. கழுத்தத் திருப்புற மோட்டாரு நெனச்சா ஓடும், நெனச்சா நிக்கும். இந்தப் பார்க்குக்கு என்னைய மேனேஜரா வச்சதே எல்லாத்தையும் புதுசாக்கத்தான். எல்இடி திரை, புகை, ஆடுற சீட்டு, சென்னையில ரெக்கார்டு பண்ணுன குரலு...

— அந்தக் குரலச் சொல்லாதீங்க. நியூஸ் வாசிக்கிற மாதிரி ‘உன் ரத்தம் எனக்கு வேண்டும்’ங்குது. எங்க மோகினி ரத்தமா கேட்டா? கடைசி வளைவுல முதுகக் காட்டி உக்காந்திருப்பா. வண்டி பக்கத்துல போகயில மெதுவாத் திரும்பி, ‘பூ கொண்டாந்தியா, தாயி?’ன்னு கேப்பா. அம்புட்டுத்தான். அதுக்கே ஒடம்பு சில்லுன்னு ஆயிரும். தலையில இருந்து ரெண்டு கண்ணி மல்லியப் பிச்சு அவ மடியில போட்டுட்டு வருவோம்.

— யாரு சொல்லி அந்தப் பழக்கம் வந்துச்சு?

— யாரும் சொல்லல. ஒரு புள்ள பயத்துல போட்டுச்சு, அடுத்த புள்ள அதப் பாத்துப் போட்டுச்சு. சாயங்காலம் பாத்தா மடி நெறஞ்சு கெடக்கும். பூ வைக்காத வீட்டுப் புள்ளைக கூட வாசல்ல ஒரு மொழம் வாங்கிட்டு ஏறுங்க. உங்களுக்கு அது பொம்ம. எங்களுக்கு வயித்தெரிச்சலா இருக்கு தம்பி, வெக்கத்த விட்டுச் சொல்றேன். குரூப்புல ஒருத்தி அழுதுக்கிட்டே வாய்ஸ் மெசேஜ் போட்டா.

— எனக்கு அது பெரிய இம்ச. திரைக்கு ஏதுக்கா மடி? எறிஞ்ச பூவு கண்ணாடியில பட்டு தண்டவாளத்துல விழுந்து, சக்கரத்துல சிக்கி, வண்டியே நின்னுருச்சு. அதுக்குப் பெறகுதான் ‘பூ எறியாதீர்கள்’னு போர்டு வச்சேன்.

— போர்டு வச்சீங்க. எறியிறத நிப்பாட்டுனோம். அதுல இருந்து என்ன நடக்குது? அந்தக் கமெண்ட மட்டும் தாண்டித் தாண்டிப் போறீங்க பாருங்க.

— அது கமெண்ட் இல்ல. நீங்க கெளப்பி விட்ட புரளி.

— வாசிங்க, பழனிக்குமார் தம்பி.

— ‘ரயில் சூப்பர். ஆனா ஏறும்போது வச்சிருந்த பூவ எறங்கும்போது காணோம்.’ இது திருச்சிக்காரம்மா. ‘எம் மக தலையில நிலக்கோட்டையில வாங்குன பூ. ஊசி குத்துன எடத்துலயே இருக்கு, பூவ மட்டும் காணோம். யாரு பதில் சொல்றது?’ இது யாரோ ஒருத்தி. ‘எங்க கிளாஸ் பொண்ணுங்க எல்லாரும் பூவோட போயி வெறுந்தலையா வந்தோம். செம எஃபெக்ட். எப்படிச் செய்றீங்க?’

— எப்படிச் செய்றீங்க?

— அக்கா!

— நெசமாத்தான் கேக்குறேன். திருச்சிக்காரம்மாவுக்கும் எங்க குரூப்புக்கும் என்ன சம்பந்தம்? நீங்க மாட்டுன மெஷினுகள்ல பூ எடுக்குற மெஷின் ஒண்ணு இருக்கா?

— இல்ல.

— அப்பப் பூவெல்லாம் உள்ள கெடக்கணும்ல. கூட்டுறப்பக் கெடைக்குதா?

— கெடைக்கல. நானே டார்ச் அடிச்சுத் தண்டவாளம் பூராப் பாத்தேன். ஒரு இதழு இல்ல. வாசம் மட்டும்... சரி, அத விடுங்க.

— வாசம் மட்டும்?

— மூக்கத் தொளைக்குது. போதுமா?

— பழைய பொம்மைய என்ன செஞ்சீங்க தம்பி?

— சுத்தியலால ஒடச்சுப் பின்னாடி பள்ளத்துல கொட்டியாச்சு. வெறும் சிமெண்டும் சாக்கும்தானே.

— அவளோட நீளச் சடையையுமா?

— அது ஒண்ணுதான் அப்படியே வந்துச்சு. முழங்கால் வரைக்கும் நெசமான முடிக்கா. முந்தின மொதலாளி பழனியில ஒரு முடி யாவாரிகிட்ட வாங்கிப் பின்னி வச்சதாம். எந்தப் பொம்பள மொட்ட போட்ட முடியோ. பள்ளத்துலதான் போட்டேன். மறுநா பாத்தா இல்ல. நாய் இழுத்துட்டுப் போயிருக்கும்.

— நாயி முடியத் திங்குமா?

— லாஜிக்கா பேசுங்கக்கா! நாளைக்கு மொதலாளி வாராரு. ‘புதுசு ஓடலைன்னா அதப் புதுசாக்குனவனும் வேணாம்’னு போன்லயே சொல்லிட்டாரு. இப்பத்தான் குடும்பத்த இங்க கொண்டாந்து வச்சிருக்கேன். இந்தப் பூக் கதைய இன்னைக்கே முடிச்சாகணும். அதுக்குத்தான் ஊருக்கெல்லாம் சொல்ற உங்களையே வரச் சொன்னேன். உங்க கண்ணு முன்னால ஒரு டெஸ்ட் பண்றேன். தீபா! இங்க வாம்மா.

— ஏனுங்க, கூப்ட்டீங்களா? பாப்பாவக் கேன்டீன் அக்காகிட்ட உட்டுட்டு வந்தனுங்க. வணக்கமுங்க அக்கா.

— வணக்கம்மா. ஒட்டன்சத்திரம் பக்கமா? பேச்சே சொல்லுதே. தலையில என்ன மஞ்சத் துண்டு?

— மொட்டைங்கக்கா. பாப்பாவுக்கு ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சா முடி குடுக்கறேன்னு பழனிக்கு வேண்டியிருந்தனுங்க. இப்பத்தான் குடுத்துட்டு வந்தோம். இன்னும் சந்தனங்கூடப் போகலீங்க.

— நல்லா இரு தாயி. இந்தப் புள்ளைய எதுக்குத் தம்பி கூப்பிட்டீங்க?

— கேளுங்க. பூவக் காணோம்னு எழுதுனவுக பூராப் பேரும் பூவோட போனவுக. என் பொண்டாட்டி தலையில பூவும் இல்ல, பூ வைக்க முடியும் இல்ல. காலி வண்டியில தனியா ஒரு சுத்து. போன மாதிரியே திரும்பி வருவா. நீங்க அத வீடியோ எடுத்து உங்க குரூப்புல போடணும். அதோட கத முடிஞ்சுது.

— நான் ஒண்ணு சொல்லவா? நம்ம மோகினி பூக் கேட்டா, நாம குடுத்தோம். குடுக்குறத நிப்பாட்டுனோம், அவளா எடுத்துக்கிட்டா. ஒண்ணுமே கொண்டு போகாத ஆளுகிட்ட அவ என்னத்த எடுப்பா?

— ஏனுங்க, அக்கா என்னமோ சொல்றாங்களே.

— பழைய பொம்ம போச்சேன்னு பேசுறாக. உனக்குப் பயமா இருந்தாச் சொல்லு.

— பயமெல்லாம் இல்லீங்க. ஒரு சுத்துத்தானுங்களே. உங்க வேல நெலச்சாப் போதுங்க. சீக்கிரம் வந்து பாப்பாவுக்குச் சோறு ஊட்டோணும்.

— இந்தாம்மா, எந் தலையில இருந்து பாதி தாரேன். மடியிலயாச்சும் வச்சுக்க. அவ கேட்டா போட்டுரு.

— வேணாம்க்கா, டெஸ்ட்டே கெட்டுரும். கையில ஒண்ணும் கூடாது. தீபா, இந்த வாக்கி டாக்கிய மட்டும் வச்சுக்க. பட்டன அமுக்கிட்டுப் பேசு.

— சரிங்க. வர்றனுங்க அக்கா.

— பாத்துப் போ தாயி.

— நம்ம மாடி ரூமுல இருந்தே தெரியும், இந்தக் கேமரா டிவியில பாருங்கக்கா. ஏறிட்டா. பெல்ட்டும் போட்டுட்டா. இந்தா, வண்டிய விட்டாச்சு.

— கைய ஆட்டிட்டுப் போகுது புள்ள.

— தீபா, கேக்குதா?

— கேக்குதுங்க. இருட்டு, ஒண்ணுமே தெரியலீங்க. சீட்டு நல்லாத்தான் ஆடுது. ஏனுங்க, இந்தப் பொகைக்கு மல்லியப்பூ செண்டு ஏதும் ஊத்தியிருக்கீங்களா?

— இல்லையே.

— பூக்கடைக்குள்ள போனாப்பல மணக்குதுங்க.

— அது... விடு. அடுத்தது கடைசி வளைவு. திரையில மோகினி வரும், கத்தும். பயந்துராத.

— தெரையா? தெரையக் காணமுங்களே. ஒரு அம்மா முதுகக் காட்டி உக்காந்திருக்காங்க. நீளச் சடைங்க. வண்டி மெதுவாப் போகுதுங்க. அவங்க திரும்பறாங்க... என்னமோ கேக்கறாங்க...

— என்ன கேக்குறா? தீபா! பதில் சொல்லாத தாயி! தம்பி, அந்தப் பட்டன அமுக்கிச் சொல்லுங்க!

— தீபா? தீபா, பேசு. கேமராவும் போச்சே. பொகையாத்தான் இருக்கும்.

— வண்டிய நிப்பாட்டுங்க!

— நடுவுல நிப்பாட்டுனா இருட்டுல மாட்டிக்குவாக்கா. செத்த பொறுங்க. இன்னும் கொஞ்சந்தான்... இந்தா, வெளிய வந்துருச்சு! சன்னல் வழியாப் பாருங்க. ஆளு அப்படியே உக்காந்திருக்கா. நான் சொல்லல? உசுரே போயி வந்துச்சு. வீடியோ எடுக்குறீங்களா?

— தம்பி, மஞ்சத் துண்டு எங்க?

— எது?

— தலையில கட்டியிருந்த துண்டு. அதக் காணோம். பின்னால என்னமோ தொங்குதே, அது என்ன?

— சவுரி முடியா இருக்கும். அந்தப் பழைய சட உள்ளதான் எங்கயோ கெடந்திருக்கு. எடுத்து வச்சுக்கிட்டு வாரா. அவளுக்கு வெளையாட்டு சாஸ்தி.

— மொட்டத் தலையில சவுரி எதுல நிக்கும்? நல்லாப் பாருங்க. நெத்தியில இருந்தே வகிடு எடுத்திருக்கு. நடக்க நடக்க சட முழங்கால்ல தட்டுது. தல நெறையப் பூவு.

— அவதான்க்கா. அதே பச்சச் சேல, அதே மூஞ்சி. படியேறி இங்கதான் வாரா. என்னையப் பாத்துச் சிரிக்கிறா.

— கதவத் தொறக்காதீங்க.

— எம் பொண்டாட்டிக்கா அவ! தீபா, உள்ள எங்கம்மா போயிட்ட?

— நான் எங்க போகப் போறேன், அப்பு? இந்தா வந்துட்டேன். கதவ ஏன் சாத்தி வச்சிருக்க? தொற. புள்ளைக்குப் பசிக்கும்ல. எங்க வச்சிருக்க புள்ளைய?

— கேட்டீங்களா, பாப்பாவத்தான்... பாப்பாவத்தான் கேக்குறா.

— தம்பி, நான் ஒண்ணு சொல்லவா? உங்க வீட்டம்மா உங்கள அப்புன்னா கூப்பிடுவாக?

— தீபா... நீ என்னைய ஏனுங்கன்னு ஒரு தடவ கூப்பிடு. ஒரே தடவ.

— பூ கொண்டாந்தியா, அப்பு?

— தாழ்ப்பாள விட்டுக் கைய எடுங்க தம்பி! மேச மேல உங்க வாக்கியில சத்தம் வருது, அதக் கேளுங்க!

— ஏனுங்க, கேக்குதுங்களா? வண்டி என்னைய உட்டுட்டுப் போயிருச்சுங்க. கழுத்தத் திருப்ப முடியலீங்க. மடி பூராப் பூவாக் கெடக்குதுங்க.